பூஜ்ஜியம் அம்மாவின் பதினான்கு குழாய்கள்

பெயரும் தகப்பனார் பெயரும்: தனித்தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது: ஐம்பத்தாறு. பால்: ஆண். இந்தக் கடைசி விவரத்தில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டின் தொடக்கத்திலிருந்து பதினான்கு மாதங்கள், நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தின் பதிவேட்டில் நான் பெண். வயது நாற்பத்துநான்கு, ஆரோக்கியமானவர், கர்ப்பிணி இல்லை. இதைக் கேட்டதும் எழுத்தர் ஐயா பேனாவை மூடிவிட்டு என் மீசையைப் பார்த்தார். சொன்னதைச் சொன்னபடி எழுதும்படி காவல் ஆய்வாளர் ஐயா உத்தரவிட்டதன் பேரில் மீண்டும் பேனாவைத் திறந்தார்.

தொழில்: மேற்படி ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர், பத்தொன்பது வருடம். குழாய் கழுவுவது, ஃப்ரீசரில் பனி சுரண்டுவது, கருவிகளைத் துடைத்து மூடி வைப்பது, எங்கள் தலைமை ஆராய்ச்சியாளரான மேடத்தின் மூக்குக்கண்ணாடியை அவர் தலையிலிருந்தே கண்டுபிடித்துக் கொடுப்பது ஆகியவை என் பொறுப்பு. முகவரி: பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தையற்கடைக்கு மேல், இரண்டாம் மாடி. என் மனைவி இந்தக் காவல் நிலையத்தில் எதிர் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருப்பதாகச் சொல்கிறாள். நான் எதையாவது கூட்டிச் சொல்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறாள் என்பது என் கருத்து.

எங்கள் கூடத்தில் என்னதான் செய்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தைப் பிடிக்கும் ஸ்டிரிப் செய்வதுதான் மேடத்தின் ஒன்பது வருட வேலை. நகத்தளவு பட்டையில் தங்கம் பூசிய ஒரு புள்ளி, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஆண்களின் அடிவயிற்றில் இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி பி.எஸ்.ஏ. என்ற ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. சுரப்பியில் கோளாறு என்றால் அது கூடும். கொக்கிகள் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து மற்றதைப் போகவிடும். பிடித்த அளவுக்குப் பட்டையில் மின்னோட்டம் கூடும், அதைக் கையடக்கமான ஒரு கருவி அளந்து எண்ணாகக் காட்டும். இந்த இடத்தில் ஆய்வாளர் ஐயா தன் வயதைச் சொல்லி, தனக்கும் ஒரு சொட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பிறகு அதை எழுத வேண்டாம் என்றார். எழுத்தர் அதற்குள் எழுதிவிட்டார்.

எந்தத் தராசானாலும் வெறும் தட்டை வைத்துப் பூஜ்ஜியம் பார்த்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். எங்கள் ஸ்டிரிப்புக்கு வெறும் தட்டு என்பது அந்தப் புரதம் இல்லாத ரத்தம். அது அந்தச் சுரப்பியே இல்லாதவர்களிடம், அதாவது பெண்களிடம் கிடைக்கும். பாட்டிலில் வாங்கும் திரவம் நிஜ ரத்தம் மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதாலும், ஆராய்ச்சி செய்பவர்கள் தங்கள் ரத்தத்தையே கொடுக்கக் கூடாது என்பதாலும், மேடம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, மாசம் ஒரே ஒரு குழாய்தான். வீட்ல அண்ணிகிட்டக் கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

நானும் வீட்டுக்குப் போய் எவ்வளவோ கெஞ்சினேன். ஆனால் என் மனைவிக்கு ஊசி என்றால் ஆகாது. தொலைக்காட்சியில் யாருக்காவது ஊசி போட்டாலே சோபாவில் சாய்ந்துவிடுவாள். (எதிர் பெஞ்சில் செருமல் கேட்டது. தூசியாக இருக்கலாம்.) தவிர, அந்த வாரம் அவளுடைய அக்கா வீட்டில் பத்துப் பேர் முன்னால் அவள் வயது நாற்பத்தேழு என்று நான் உரக்கச் சொல்லிவிட்டதால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பேசாமல் இருந்தவரிடம் எப்படிக் கெஞ்சினீர் என்று ஆய்வாளர் குறுக்கிட்டுக் கேட்டார். ஜாடையில் கெஞ்சினேன் என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு, கேட்டு வந்த காரியம் முடியவில்லை என்று மேடத்திடம் சொல்லக் கூச்சப்பட்டு, எனக்குத்தான் ஒரு நோயும் கிடையாதே, நோயில்லாதவன் ரத்தம் பூஜ்ஜியமாகத்தானே இருக்கும் என்று என் சொந்த அறிவை உபயோகித்து, கீழ்த்தளத்தில் ரத்தம் எடுப்பவரிடம் போய் நானே சட்டைக் கையை மடித்தேன். அவரை நாங்கள் ஊசிக்காரர் என்போம்.

"லேபிள்ல யாருன்னு போடட்டும் தலைவரே?"

"பெண். நாப்பத்துநாலு. ஆரோக்கியமானவர்."

"இந்த மீசையோடயா?"

"மீசையை யாரு லேபிள்ல எழுதச் சொன்னா? குத்துய்யா."

நாற்பத்தேழை நாற்பத்துநான்காக்கியது, அக்கா வீட்டில் செய்த தப்புக்கு நானாகச் செய்துகொண்ட பரிகாரம். சம்மதப் படிவத்தில் என் மனைவியின் கையெழுத்தையும் நானே போட்டேன். இதைச் சொன்னபோது எதிர் பெஞ்சிலிருந்து "அதுவுமா?" என்று ஒரு குரல் வந்தது. எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நான் பெண்ணானேன். பெயர் எழுதக் கூடாது என்பதால் கூடத்தில் எல்லோரும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெண்மணியை பூஜ்ஜியம் அம்மா என்றே சொல்வார்கள். ரத்தம் கொடுக்கிறவருக்குச் சத்து வேண்டுமென்று மேடம் ஒவ்வொரு மாதமும் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புவார். "பூஜ்ஜியம் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கண்ணே" என்பார். சொல்லிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு, பேருந்து வருவதற்குள் முழுப் பாக்கெட்டையும் தின்றுவிடுவேன். நன்றியையும் பேரீச்சம்பழத்தையும் சேர வேண்டிய ஆள் வாங்கிக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதன் பிறகு ஆறாவது மாதத்தில் பூஜ்ஜியம் ஏறத் தொடங்கியது. எந்தக் கூடத்திலும் ஏறக் கூடாத ஒன்று பூஜ்ஜியம். முதல் மாதம் மின்னோட்டம் 0.9 மைக்ரோ ஆம்பியர். ஆறாம் மாதம் 1.2. பத்தாம் மாதம் 1.7. பதினான்காம் மாதம் 2.6. ஸ்டிரிப் கெட்டுப்போகிறது என்று நினைத்து மேடம் தங்கம் பூசுவதை மாற்றினார், கொக்கிகளை மாற்றினார், கழுவும் தண்ணீரை மாற்றினார். ஒரு முறை என் கைச் சோப்பையும் மாற்றினார். ஒன்றும் பயனில்லை. இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தத்தை எங்கள் ஸ்டிரிப்பில் பார்த்திருந்தோம். அவர்களுக்கெல்லாம் வைத்தியம் ஆஸ்பத்திரியின் பெரிய இயந்திரம் சொன்னபடிதான் நடந்தது, எங்களுடையது சோதனை மட்டும். ஆனால் ஒவ்வொரு எண்ணும் பெரிய இயந்திரம் சொன்னதை விடக் குறைவாகவே வந்தது, மாதத்துக்கு மாதம் அந்த வித்தியாசமும் வளர்ந்தது. ஆய்வுக்குழு வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. பூஜ்ஜியமே நிலையாக இல்லாத திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் வந்து எங்கள் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். மேடம் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல் ஒரே ஸ்டிரிப்பை மூன்று முறை துடைத்தார்.

உமக்குச் சந்தேகமே வரவில்லையா என்று ஆய்வாளர் கேட்டார். வரவில்லை. புரதத்தின் பெயர் எனக்குத் தெரியும், கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவேன். ஆனால் அந்தக் குழாய்க்குள் இருப்பது நான் என்பது நாளாக நாளாக மறந்தேவிட்டது. லேபிளில் எழுதச் சொன்னவன் நான். அதை முதலில் நம்பியவனும் நான்.

அதன் பிறகு அந்த வாரத்துத் திங்கட்கிழமை, குழு வருவதற்கு மூன்று நாள் முன்னால், மேடம் எங்களைக் கூட்டி வைத்து, ஒவ்வொரு மாதமும் பூஜ்ஜியம் அம்மாவின் ரத்தத்தில் ஒரு பங்கை உறையவைத்திருக்கிறோம் அல்லவா, அந்தப் பதினான்கு குழாய்களையும் நாளை ஆஸ்பத்திரியின் பெரிய இயந்திரத்துக்கு அனுப்பி, ரத்தத்தில் யாராவது எதையாவது கலக்கிறார்களா என்று பார்த்துவிடுவோம் என்றார். ஆணின் ரத்தம் என்று இயந்திரம் சொல்லிவிடும். பத்தொன்பது வருட மரியாதை என்னவாகும் என்ற ஒரே நினைப்புதான். வேறு எந்த நினைப்பும் அப்போது வரவில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஐஸ் கட்டி நிரப்பிய ஃப்ளாஸ்க்குடன் உள்ளே போய், ஃப்ரீசரின் மூன்றாம் தட்டிலிருந்து பதினான்கு குழாய்களையும் எடுத்து அதில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் காவலாளி, "என்ன சார், இன்னிக்கு டீ வீட்லேருந்தா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு வாய் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, சர்க்கரை போடாதது என்றேன். ஒன்பது மணிக்குக் குழாய்கள் காணாமல்போனது தெரிந்தது. பதினோரு மணிக்கு மேடம் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். புகாரை எழுதுவதற்கு அவருக்குப் பேனா கொடுத்ததே நான்தான்.

அன்று சாயங்காலம் என் மனைவி ஐஸ் எடுக்க, காலையில் நான் குழாய்களை ஒளித்து வைத்திருந்த எங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தாள். நான் முன்னறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க. இங்க வாங்க."

போனேன். பதினான்கு குழாய்களும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நின்றன.

"என்னங்க இது?"

"ஆபீஸ் சாமான்."

"'பெண், நாப்பத்துநாலு, ஆரோக்கியமானவர்.' யாருங்க இந்த நாப்பத்துநாலு?"

"நீதாம்மா."

"எனக்கு அப்ப நாப்பத்தேழு. அதான் அக்கா வீட்ல மைக் இல்லாமலே சொன்னீங்களே."

"அதனாலதான் மூணு குறைச்சேன்."

"பதினாலு மாசத் தேதி போட்டிருக்கு. மாசாமாசம் எவகிட்டயோ போய் வந்திருக்கீங்க. ஆரோக்கியமானவர்னு சர்ட்டிஃபிகேட் வேற!"

"சத்தியமா அது என் ரத்தம்."

"ரத்தம் சிவப்பா இருக்கும். இது எலுமிச்சம்பழச் சாறு மாதிரி இருக்கு. பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்ல வராதா உங்களுக்கு?"

ரத்தத்தை வேகமாகச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி மஞ்சள் நீர் மேலே நிற்கும், அதைத்தான் உறையவைக்கிறோம் என்பதில் ஆரம்பித்து, பேரீச்சம்பழம் உட்படக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணை ஒரு மணி நேரம் நடந்தது. முடிவில் அவள், "அப்ப அந்தப் பொம்பளை நீங்கதானா?" என்று கேட்டு, சிரித்து, சிரிப்பை அடக்க ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. குழாய்களை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே அடுக்க ஆரம்பித்தாள். ஏழோ எட்டோ அடுக்கியதும் நின்றாள்.

"ஏங்க. அந்த நம்பர் மாசாமாசம் ஏறுதுன்னு சொன்னீங்களே."

"ஆமா. ஸ்டிரிப் கெட்டுப்போச்சு."

"ஸ்டிரிப் கெடலைன்னா?"

ஃப்ரீசர் கதவு திறந்தே இருந்தது. குளிர்காற்று இரண்டு பேரின் கால்மேலும் விழுந்தது. கொஞ்ச நேரம் இருவருமே அதை மூடவில்லை.

அதன் பிறகு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, ஃப்ளாஸ்க்கை மனைவி பிடித்துக்கொள்ள, நான் வெறுங்கையுடன் மேடத்தின் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றினார்.

"பூஜ்ஜியம் அம்மா நீங்களா?"

"ஆமா மேடம்."

"பதினாலு மாசமுமா? நடுவுல வேற யாரும் இல்லையே?"

"நான் மட்டும்தான் மேடம்."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "அண்ணே! ஒவ்வொருத்தர் ரத்தத்திலேருந்தும் நான் உங்களைக் கழிச்சிருக்கேன்! இருநூத்திப் பன்னிரண்டு பேர்லேருந்தும் உங்களைக் கழிச்சிருக்கேன்! அதான் எல்லாம் குறைச்சலா வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டே கணினிக்கு ஓடினார். ஓடும்போதே, "குழாய்! குழாய் எங்கே? வெளிய எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்றார். ஒரு மணி நேரம் சாப்பாட்டு மேசையில் விசாரணைக்கு நின்றன என்று என் மனைவி சொன்னாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று ஃப்ளாஸ்க்கை அவரே வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பகல் ஒன்றரை மணிக்குப் பெரிய இயந்திரத்தின் தாள் வந்தது. முதல் மாதம் பி.எஸ்.ஏ. அளவு 2.1. கடைசி மாதம் 6.8.

மேடம் அந்தப் பதினான்கு எண்களையும் போட்டு விசையைத் தட்டினார். திரையில் அதுவரை தாறுமாறாகக் கிடந்த இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளும் ஒரே கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்களே, அப்படி. பெரிய இயந்திரம் சொன்னதையே எங்கள் நகத்தளவு பட்டையும் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை. மேடம் கூச்சல் போட்டார். ஊசிக்காரர் கீழேயிருந்து ஓடிவந்து காரணம் தெரியாமலே விசில் அடித்தார். நான் குதித்தேன். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, இரண்டு முறை குதித்தேன். என் ரத்தத்துக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் மனைவி மட்டும் குதிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்த ஆறு புள்ளி எட்டு நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?"

விசில் நின்றது.

"ஸ்டிரிப்புக்கு ரொம்ப நல்ல நம்பர் அண்ணி" என்றார் மேடம். பிறகு கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அண்ணன் டாக்டரைப் பார்க்கணும். பொதுவா நாலுக்கு மேல போனாலே பார்க்கணும். வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது ஏறிக்கிட்டே வந்திருக்கு. நானே பேசி நாளைக்கே நேரம் வாங்குறேன்."

வியாழக்கிழமை காலை ஆய்வுக்குழு வந்தது. மேடம் ஏறும் பூஜ்ஜியத்தை மறைக்காமல் திரையில் போட்டு, ஒரு உடம்பில் மாதத்துக்கு மாதம் நடந்த மாற்றத்தை எங்கள் ஸ்டிரிப் யாரும் சொல்லாமலே பிடித்திருக்கிறது என்றார். குழுத் தலைவர் பதிவேட்டைப் புரட்டி, "பெண் என்று இருக்கிறதே, ஒரு பெண்மணிக்கு இது எப்படிச் சாத்தியம்?" என்று கேட்டார். கடைசி வரிசையில் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டிருந்த நான் கையைத் தூக்கி, "ஐயா, அந்தப் பெண்மணி நான்தான்" என்றேன். குழு சிரித்து முடிக்கச் சில நிமிடம் ஆனது. பிறகு பதிவேட்டை இப்படியா வைத்திருப்பீர்கள் என்று மேடத்தைக் கடுமையாகத் திட்டி, திட்டத்தை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். பக்கத்து அறைக்காரர்கள் திரைச்சீலை அளவை எழுதி எங்கள் ஜன்னலில் மறந்துவிட்டுப் போன துண்டுக் காகிதத்தை நானே அவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதே நாள் மதியம் டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, அடுத்த வாரம் சுரப்பியிலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்ததில், புற்றுநோய்தான் என்று தெரிந்தது. சிறியது, சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. எனக்கு வலி, எரிச்சல், தொந்தரவு என்று ஒன்றுமே இல்லை என்பதைக் கேட்டுவிட்டு டாக்டர், "அப்புறம் எப்படி இவ்வளவு சீக்கிரமா வந்தீங்க? யாரு அனுப்பினா?" என்றார். பூஜ்ஜியம் அம்மா என்று சொன்னேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை. பிழைத்துக்கொள்வேன் என்று டாக்டர் சொன்னதை நான் தினமும் நாலு முறையாவது யாரிடமாவது சொல்கிறேன். நேற்று பேருந்து நடத்துனரிடம் சொன்னேன்.

மேடம் புகாரைத் திரும்பப் பெற விரும்புவதால் இந்த வாக்குமூலம் கேட்கப்பட்டது. திருடியவன் நான், திருட்டுப் போனதும் நான், மீட்டுக் கொடுத்தவளும் என் வீட்டைச் சேர்ந்தவள் என்பதால் எந்தப் பிரிவில் போடுவது என்று ஆய்வாளர் ஐயா இன்னும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். போலிக் கையெழுத்துக்கும் பதினான்கு பாக்கெட் பேரீச்சம்பழத்துக்கும் வருந்துகிறேன். ஆனால் என் மனைவிக்கு ஊசி மேல் உள்ள பயம் ஒன்றே இவ்வளவுக்கும் காரணம் என்பதையும், வேறு வழியில்லாமல் கடமைக்காகவே நான் கை நீட்டினேன் என்பதையும் இரக்கத்துடன் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் நடந்தது நடந்தபடியே உள்ளன என்று உறுதி சொல்கிறேன்.

கையெழுத்து (இந்த முறை என்னுடையது).

சாட்சி: மேற்படியாரின் மனைவி, வயது இப்போது நாற்பத்தெட்டு. முழுவதும் படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு திருத்தம். எனக்கு ஊசிக்குப் பயம் கிடையாது. இதுவரை பதினேழு முறை ரத்ததானம் செய்திருக்கிறேன், அட்டையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இவர் என்னிடம் ஜாடையில்கூடக் கேட்கவில்லை.